மோட்டார் பெட்டிக்கு மறதி கூடாது

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

தண்ணீர் மோட்டாருக்குப் புதிய தானியங்கிப் பெட்டி வாங்க இரண்டு கொட்டேஷன் வந்திருக்கின்றன. விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் பேசுகிறேன். போன கோடையில் போர்வெல் வற்றியதும் பழைய பெட்டி மோட்டாரைச் சரியாகவே நிறுத்தியது. பிறகு கரண்ட் போய் வந்தது. ஏன் நிறுத்தினோம் என்பதை மறந்து, மறுபடி ஓட்டியது. காயில் எரிந்த செலவு நம் எல்லோர் மெயின்டெனன்ஸிலும் ஏறியது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு சின்ன சிப். அதற்குப் புரோகிராம் எழுதும் முறைகள் புதிதல்ல. 1970களில் வந்த இன்டெல் 8085 சிப்பைப் பாலிடெக்னிக்கில் கிட் வைத்துப் படித்தவர்கள் நம் பிளாக்கிலும் இருப்பீர்கள். 76 என்று தட்டினால் ‘நில்’. சி3 என்றால் ‘தாவு’. அன்று பரவலாக இருந்த ஒரு ஈப்ராமின் கொள்ளளவு 2 கிலோபைட். யூனிகோடில் இந்தப் பேச்சின் பாதிகூட அதில் அடங்காது! தப்பு வந்தால் சிப்பைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்து அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். அதனால் முதலில் காகிதத்தில்தான் யோசித்தார்கள்.

சுவிட்சை நம்பாதே என்பது அவர்களுடைய முதல் பாடம். ஒரு தடவை அழுத்தினாலும் உள்ளே தகடு சில மில்லிசெகண்ட் துள்ளும். நொடிக்கு லட்சக்கணக்கான கட்டளைகளைச் செய்யும் சிப்புக்கு அது பல அழுத்தல்களாகத் தெரியும். எனவே சற்றுப் பொறுத்து, இன்னொரு முறை பார்க்க வேண்டும். நம் மேல்தொட்டியில் மிதவை ஆடும்போது மோட்டார் ‘டக் டக்’ என்று விட்டுவிட்டு ஓடுமே, அங்கே அந்தப் பொறுமை இல்லை.

இதைவிட முக்கியமானது, எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைப் புரோகிராம் அறிந்திருப்பது. ராஜகிரிக்கு ஏறும்போது கீழ்வாசலைத் தாண்டாமல் மேல்வாசலுக்குப் போக முடியாதல்லவா? மின்னணு வாக்குப்பதிவு இயந்திரமும் அப்படித்தான். ஒரு ஓட்டுப் பதிவானதும் பூட்டிக்கொள்ளும். அதிகாரி தன் பெட்டியில் ‘பேலட்’ பொத்தானை அழுத்தும்வரை, நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும் பதிவாகாது. ‘க்ளோஸ்’ அழுத்தி வாக்குப்பதிவை முடிக்காமல் ‘ரிசல்ட்’ வராது. பேட்டரியைக் கழற்றினாலும் பதிவான ஓட்டு அழியாது. கேரளத்தின் பரவூரில் 1982இல் 50 வாக்குச்சாவடிகளில் முதலில் வந்த இந்த இயந்திரத்தை, 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தோம். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த பொறியாளர் ரங்கராஜன் வேறு யாருமல்ல, நம் எழுத்தாளர் சுஜாதாதான்.

நம் பெட்டியும் ‘கிணறு வற்றியது, காத்திரு’ என்ற நிலையைக் கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் குறித்துவைக்க வேண்டும். கரண்ட் வந்ததும் முதல் வேலையாக மோட்டாரை ஆஃப் நிலையில் வைத்து, அந்தக் குறிப்பைப் படித்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும். இதற்காக விலை கூடும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது பெரும்பாலும் எழுதுகிறவரின் அக்கறை.

கொட்டேஷன் தந்த இருவரையும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பெட்டியோடு வரச் சொல்லியிருக்கிறோம். வறண்ட நிலையில் நிறுத்தவைத்து, மெயினை அணைத்துப் போட்டுப் பார்ப்போம். முடிந்தவர்கள் பம்ப் ரூமுக்கு வந்துவிடுங்கள்.