பழைய துருத்திக் காமிராவைப் புதுக்குதல்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் சங்கச் சுவரில் தொங்கும் பழைய குழுப் படங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். முக்காலியின்மேல் நின்ற மரக் காமிராவும், கறுப்புத் துணிக்குள் தலையை மறைத்துக்கொண்ட படக்காரரும் நமக்கு அளித்த செல்வம் அவை. அத்தகைய காமிராக்கள் இன்று பரண்களில் உறங்குகின்றன. சில, உணவு விடுதிகளில் அலங்காரமாக நிற்கின்றன. அவற்றுக்குரிய கண்ணாடித் தகடுகள் கடைகளில் கிடைக்காததே காரணம். ஆயினும் தகடு போயிற்று என்பதற்காகக் காமிராவும் போய்விட வேண்டுவதில்லை.

இதன் அமைப்பு மிக எளிது. முன்னே லென்ஸைத் தாங்கும் பலகை. பின்னே தேய்த்த கண்ணாடி பதித்த சட்டம். இடையே விரிந்து சுருங்கும் துருத்தி. கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைத் தெளிவுறச் செய்தபின், அதை அகற்றி, அவ்விடத்தில் தகட்டுச் சட்டத்தைச் செருகுவர். எளிய அமைப்பாதலின் நம் நாட்டுக் கைவினைஞர்க்கும் இது வசப்பட்டது. ஆலப்புழையில் கருணாகரன் என்பவரின் குடும்பத்தார் இசைக் கருவிகளைப் பழுது பார்த்து வந்தனர். ஆர்மோனியத் துருத்தி அறிந்த அக்கைகளிடம் ஒரு காமிராவின் கிழிந்த துருத்தி வந்து சேர்ந்தது. அதன் விளைவாக 1940களில் பிறந்ததே, பின்னர் இந்தியா முழுதும் பல படக்கடைகளில் விளங்கிய ‘வாகீசுவரி’ காமிரா.

சில ஆண்டுகளுக்கு முன் அடியேனும் 4¾ × 6½ அங்குலத் தகட்டுக்குரிய பழைய காமிரா ஒன்றை வாங்கினேன். இன்றும் செய்யப்படும் 4 × 5 அங்குலத் தாள் பிலிமை அதில் பொருத்த விரும்பி, ஆர்வ மிகுதியால் பின்சட்டத்தை வாளால் அறுத்தேன். உடைந்திருந்த தேய்த்த கண்ணாடிக்கு மாற்றாகப் புதியதையும் பதித்தேன். அவ்வாண்டுப் பொங்கல் விழாவில், நம் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் எஞ்சியிருந்த ஒரே பெரியவரை நடுவில் இருத்திப் படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது, பின்னிருந்த சுவரின் செங்கற்கள் தெளிவாயிருந்தன. முகங்கள் அனைத்தும் மங்கியிருந்தன. மீண்டும் எடுப்போம் என்றிருந்தேன். அதற்குள் பெரியவர் காலமானார்.

பிழை எங்கே? கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்க வேண்டும்; நான் திருப்பிப் பதித்துவிட்டேன். கண்ணாடியின் கனம் சிறிதுதான். அச்சிறு கனமே முகங்களைக் கெடுத்தது. உருவம் விழும் பரப்பும் பிலிம் அமரும் பரப்பும் லென்ஸிலிருந்து ஒரே தொலைவில் இருத்தல் வேண்டும். 4 × 5 அங்குலப் பிலிம் சட்டத்தில் பிலிம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் ஆழத்தில் அமர்கின்றது. பழைய மரச் சட்டங்களின் ஆழமோ செய்தவர்க்கேற்ப வேறுபடும். ஆகவே அளந்து பாராமல் எதையும் மாற்றலாகாது.

இரண்டாவது, அறுக்கலாகாது. பழைய சட்டம் செல்லும் பள்ளத்திலேயே பொருந்துமாறு ஒரு தேக்குப் பலகை செய்து, புதிய பிலிமுக்கு வேண்டிய வழியை அப்பலகையில் அமைத்தால் போதும். வேண்டாதபோது கழற்றிவிடலாம், காமிரா தன் பழைய நிலையிலேயே இருக்கும்.

துருத்தியைச் சோதிக்க, இருட்டறையில் அதனுள் ஒரு சிறு விளக்கை வைத்துப் பாருங்கள். ஊசித் துளைகள் விண்மீன்போல் மின்னும். அவற்றின்மேல் கறுப்புத் துணியைப் பசையிட்டு ஒட்டுக. பிலிமின் விலை மிகுதி என்போர் மருத்துவர் பயன்படுத்தும் பச்சை ஒளி ஏற்கும் எக்ஸ்ரே பிலிமை, மங்கிய சிவப்பு விளக்கின் கீழ் அளவாக வெட்டிக்கொள்ளலாம். அது சிவப்பை உணராது. தாய்மார்களின் குங்குமம் கரும்பொட்டாகவே விழும்! இரு பக்கமும் மருந்து பூசப்பட்டிருப்பதால் எளிதில் கீறல் விழும், கவனம் வேண்டும்.

நண்பர்களே, அறுத்த சட்டத்தை வேறு மரம் இணைத்துச் சீர்செய்துவிட்டேன். அந்தப் பெரியவரின் முகத்தை மட்டும் என்னால் மீட்க இயலாது. நாளைக் காலை, இதே காமிராவால் குழுப் படம் எடுக்க இருக்கின்றேன். மூத்தோர் அனைவரும் முன்வரிசையில் அமர வேண்டுகின்றேன். கண்ணாடி இம்முறை சரியாகவே பதிக்கப்பட்டிருக்கிறது.