கல்லூரிச் செலவுக்கு வழி உண்டு



பிளஸ் டூ தேர்வு முடிவு வருகிறது. பிள்ளை தேறிவிட்டது. வீடெல்லாம் மகிழ்ச்சி. அன்று இரவே கவலையும் வந்துவிடுகிறது. கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டுமே! சில வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது. சில வீடுகளில் வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். சில வீடுகளில், "பெண்பிள்ளைதானே, படித்தது போதும்" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

நகையை எடுக்கும் முன், படிப்பை நிறுத்தும் முன், இரண்டு வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று உதவித்தொகை. அதைத் திருப்பித் தர வேண்டாம். மற்றொன்று கல்விக் கடன். அதைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே, முதலில் உதவித்தொகையைக் கேளுங்கள். போதாததற்கு மட்டும் கடன் வாங்குங்கள்.

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை 1944 முதல் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பழங்குடியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இதுபோன்ற திட்டங்கள் உண்டு.

எந்தச் சாதியானாலும், நன்றாகப் படித்தவர்களுக்கு இன்னொரு திட்டம் உண்டு. பிளஸ் டூ தேர்வில் 100 பேருக்கு முதல் 20 பேருக்குள் மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டும். குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வானவர்களுக்குப் பட்டப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். இதில் பாதி இடம் பெண்களுக்கு.

விண்ணப்பிக்கும் இடம் தேசிய உதவித்தொகை இணையதளம். சில திட்டங்களுக்கு மாநில அரசின் இணையதளம். எது என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். கடைசி நாளையும் கேட்டுக் குறித்து வையுங்கள். நாள் தவறினால் அந்த ஆண்டுப் பணம் போய்விடும்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார், மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். கணக்கோடு ஆதாரை இணைத்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பணம் நின்றுபோகலாம்.

விண்ணப்பித்தால் மட்டும் போதாது. கல்லூரி அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டார்களா என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் புதுப்பிக்க வேண்டும்.

இனி, கல்விக் கடன். 4 லட்சம் ரூபாய் வரை வங்கி சொத்து அடமானம் கேட்கக் கூடாது. படிக்கும் காலத்திலும், பிறகு ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் அந்த நாட்களிலும் வட்டி ஏறும். ஏழைக் குடும்பங்களுக்குச் சில படிப்புகளில் வட்டி மானியம் உண்டு. வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

"பணம் கொடு, உதவித்தொகை வாங்கித் தருகிறேன்" என்று புரோக்கர் வருவார். நம்பாதீர்கள். அரசு விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. போனில் வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

பெற்றோரும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முன்பு கைநாட்டு வைத்த கை, இன்று எழுதுகிறது. எவ்வளவு கடன், எத்தனை வட்டி, எப்போது கட்ட வேண்டும் என்று படித்துப் பாருங்கள். புரியாததைக் கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பிள்ளை படிக்கட்டும். நகை வீட்டில் இருக்கட்டும்.