சத்துவாச்சாரியிலிருந்து கிளாஸ்கோ வரை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் எஞ்சினியர். விளையாட்டு வீரன் அல்ல. ஆகவே நம்ம ஊர்ப் பையன் ஒருவரைப் பற்றியே பேசிவிடுகிறேன். அவர்தான் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம்.

2014 ஜூலையில் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டி. 77 கிலோ எடைப்பிரிவு. அப்போது அவருக்கு வயது 22. ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச் முறையில் 149 கிலோ. காமன்வெல்த் போட்டிகளில் அது புதிய சாதனை. அதாவது மூன்று சிமெண்ட் மூட்டை! அடுத்து, தோளுக்குக் கொண்டுவந்து பிறகு மேலே உயர்த்தும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179. மொத்தம் 328 கிலோ, தங்கப் பதக்கம். 2015-ல் அர்ஜுனா விருது, 2016-ல் ரியோ ஒலிம்பிக்.

2018-ல் கோல்டு கோஸ்ட். தேசியப் போட்டியில் தொடையில் அடிபட்டு, பதக்கத்தின் மேல் நம்பிக்கையே இல்லாமல் போனவர். ஸ்னாட்ச் முடிந்தபோது இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145, இவர் 144. ஒரு கிலோ பின்தங்கல். ஆனால் அடுத்ததில் இவர் 173 தூக்கினார், ஆலிவரால் 167-க்கு மேல் முடியவில்லை. மறுபடியும் தங்கம்! அதே ஆண்டு கடைசியில் சர்வதேச சம்மேளனம் எடைப்பிரிவுகளை மாற்றியபோது 77 கிலோ பிரிவே இல்லாமல் போயிற்று. அந்தப் பிரிவின் கடைசி காமன்வெல்த் தங்கம் நம்ம வேலூருக்கு!

இந்தக் கணக்கெல்லாம் பத்திரிகையில் வந்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. ஓடுகிறவர் ஷூவுக்கு அடிப்பாகம் மெத்தென்று இருக்கணும். பளு தூக்குகிறவர் ஷூவுக்குக் குதிகால் அமுங்கவே கூடாது. அமுங்கினால் கால் கொடுக்கிற விசை அங்கேயே வீணாகிவிடும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது மேலே உள்ள இரும்பு. தாங்குவது கீழே உள்ள குதிகால்.

சதீஷுக்கு அந்தக் குதிகால் அவருடைய அப்பாதான். சிவலிங்கம் ராணுவத்தில் இருந்தவர், தேசிய அளவில் பளு தூக்கியவர். பிறகு விஐடி பல்கலைக்கழகத்தில் காவலாளியாக வேலை பார்த்தவர். காவலாளி சம்பளத்தில் பளு தூக்குகிற பையனுக்குப் பாலும் முட்டையும் கறியும் வாங்கிப் போடுவது எவ்வளவு சிரமம் என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். கிளாஸ்கோ வெற்றிக்குப் பிறகு தமிழக அரசு 50 லட்சம் அறிவித்தது, மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கு முந்தைய வருஷங்களின் செலவை யார் தாங்கினார்கள்?

ஜெயித்த பிறகு மாலை போட ஆயிரம் பேர் வருவாங்க. ஜெயிப்பதற்கு முன்னால் முட்டை வாங்கித் தர யாராவது ஒருத்தர் வேணுமே!

முன்னாள் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டு பொன்னாடை, கேடயச் செலவைக் குறைப்போம். அந்தப் பணத்தில் முதலாண்டு மாணவர் நாலு பேருக்கு, பதக்கம் எதுவும் கேட்காமல், மூன்று வருஷம் காலை உணவும் ஒரு ஜோடி நல்ல ஷூவும் கொடுப்போம். ஷூவுக்கு நான் பொறுப்பு.

மாணவர்களே, உங்களில் யார் அந்த நாலு பேர் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாதபோது கொடுப்பதுதான் உதவி.