சரிவில் பிறந்த பாட்டு



மலையும் பாட்டும் என்றதும் நம் மனம் சிகரத்துக்குத் தாவிவிடுகிறது. முகில் தவழும் உச்சி, அங்கே கோயில் கொண்ட முருகன், அவனைக் கீழிருந்து பாடும் அடியார் என்று ஒரு சித்திரம் எழுகிறது. அந்தச் சித்திரம் பொய்யன்று. ஆனால் அது அடிவாரத்தில் நின்று பார்ப்பவரின் சித்திரம். இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது சரிவு. போடிநாயக்கனூரிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குரங்கணி அப்படிப்பட்ட சரிவூர். வண்டிப் பாதை அங்கே ஓய்ந்து, நடைபாதை தொடங்குகிறது. ஒரு கவடு சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் சிற்றூர் வழியாக டாப் ஸ்டேஷனுக்கும், இன்னொரு கவடு கொழுக்குமலைக்கும் ஏறுகிறது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் சற்று நின்று மூச்சு வாங்குகிற ஊர் அது. தமிழின் மலைப்பாட்டு மலையை வியந்தவர்களால் உண்டானதைவிட, மலையில் ஏறியவர்களாலும் இறங்கியவர்களாலும், ஏற்ற இறக்கத்துக்கு நடுவே வேலை செய்தவர்களாலும் உண்டானதே மிகுதி. பாட்டு அவர்கள் கையில் ஒரு கருவியாக இருந்தது. இதுவே என் வாதம்.

இதற்கு நம்மிடம் இருக்கும் மூத்த சான்றுகளுள் ஒன்று பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம். 583 அடி கொண்ட இந்நூலைப் பெருங்கௌசிகனார் பாடினார். பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவில், அதாவது இன்றைய செங்கத்தில், ஆண்ட நன்னனைக் காணப் போகும் கூத்தருக்கு வழி சொல்வதாக அமைந்த ஆற்றுப்படை இது. மலையை ஒரு யானையாகவும், அதில் எழும் ஒலிகளை அந்த யானையின் மதநீராகவும் உருவகிப்பதால் இந்தப் பெயர் வந்தது. வகுப்பறையில் இந்த உருவகத்தோடு நின்றுவிடுகிறோம். நூலுக்குள் போனால் வேறொன்று தெரிகிறது. வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது, பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் வழியில் ஏன் விடிந்த பிறகே போக வேண்டும், தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் வந்தால் எப்படி மரத்தின் பின்னே ஒதுங்குவது என்று ஒவ்வோர் அடிக்கும் எச்சரிக்கை வருகிறது. முழவும் ஆகுளியும் பாண்டிலும் தூம்பும் தோளில் தொங்க, சுமையோடு ஏறும் மனிதருக்குச் சொல்லப்படும் வழி இது.

அந்த எச்சரிக்கைகளுள் ஒன்றை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டுகிறேன். காட்டில் வழி தவறிவிட்டால் என்ன செய்வது? அலைந்து திரியாதீர்கள், அகன்ற பாறை ஒன்றில் எல்லோரும் சேர்ந்து அமர்ந்து, உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள் என்கிறார் புலவர். மலைமேல் காடு காத்து வாழும் கானவர் அந்த ஒலியைக் கேட்பார்கள். துறை தவறி வெள்ளத்தில் விழுந்தவரின் கூக்குரல் கேட்டு ஓடுவதுபோல் விரைந்து வருவார்கள். உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டி, முன்னே நடந்து, உங்களை வழியில் சேர்ப்பார்கள். இசை இங்கே உதவி கேட்கும் குரலாகிறது. கேட்ட மாத்திரத்தில் வந்து சேர வேண்டியது மலையில் வாழ்பவரின் கடமையாகிறது. மலையில் இசை எதற்கு என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் வேறு எந்த நூலிலும் கண்டதில்லை.

அதே நூல் அடுக்கிச் சொல்லும் மலை ஒலிகளையும் எண்ணிப் பாருங்கள். புலி பாய்ந்து கணவன் மார்பில் உண்டாக்கிய புண் ஆற வேண்டும் என்று காப்பாகக் கொடிச்சியர் பாடும் பாட்டு ஒன்று. தினை குற்றும் பெண்கள் உலக்கைக்கு இசையப் பாடும் வள்ளைப்பாட்டு ஒன்று. சேம்பும் மஞ்சளும் பயிரிட்டவர் பன்றியை விரட்ட அடிக்கும் பறை ஒன்று. மருந்து, உணவு, காவல் என்று மூன்றும் பிழைப்பின் ஒலிகள். குறிஞ்சிப்பாட்டிலும் கிளி ஓட்டும் பெண்களின் கையில் தழல், தட்டை, குளிர் என்னும் ஒலிக்கருவிகளைக் கபிலர் பெயர் சொல்லித் தருகிறார். 99 பூக்களை வரிசைப்படுத்தியதற்காகவே நாம் கொண்டாடும் அந்தப் பாட்டில், இந்த மூன்று கருவிகளையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இங்கே ஒரு தடை எழும்; நியாயமான தடைதான். சங்கப் பாடல்கள் மலைமக்கள் பாடியவை அல்ல, புலவர் மரபு வகுத்த நாடகம் அவை. அவற்றில் வரும் கொடிச்சியும் கானவனும் திணை இலக்கணத்தின் கருப்பொருள்கள். அவற்றை மலை வாழ்வுக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்பார்கள். புலவர் பலர் சமவெளியைச் சேர்ந்தவர் என்பதையும், மரபு இறுக்கமானது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் மரபுக்குத் தேவைப்படுவது எது, தேவைப்படாதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். குறிஞ்சித் திணைக்குக் கூடல் வேண்டும், யாமம் வேண்டும், வேங்கையும் அருவியும் வேண்டும். சேம்புக் கொல்லையில் அடிக்கும் பன்றிப் பறை அதற்கு வேண்டியதில்லை. பாறையில் அமர்ந்து இயம் முழக்கு என்ற அறிவுரையும் வேண்டியதில்லை. இலக்கணம் கேட்காத நுணுக்கம் ஒன்று பாட்டுக்குள் வந்திருந்தால், யாரோ ஏறிப் பார்த்து, அல்லது ஏறியவர் வாயிலாகக் கேட்டு வந்ததே அது என்று கொள்வதுதான் முறை.

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரையோடு மேற்கே நடக்கிறாள். அந்தக் கரை இன்றைய தேனிப் பள்ளத்தாக்கை நோக்கி வருகிற கரை. நெடுவேள் குன்றத்தில் வேங்கை நிழலில் நின்ற அவளைக் குறவர் கண்டார்கள். அவள் விண்ணேறியதைக் கண்டதும் அவர்கள் செய்த முதல் காரியம், பறை கொட்டி, பூத்தூவி, குரவைக் கூத்தாடிப் பாடியது. அந்தப் பாட்டு குன்றக்குரவை. அதற்குப் பிறகுதான் செய்தி சேரன் செங்குட்டுவனுக்குப் போய்ச் சேருகிறது; கல்லும் கோயிலும் அதற்கும் பிறகு. அந்தக் குன்றம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கூடலூருக்கு மேலே உள்ள மங்கலதேவி கோட்டம்தான் என்று இப்பகுதி மக்கள் நம்பி, சித்திரா பௌர்ணமியன்று ஏறி வணங்குகிறார்கள். திருச்செங்கோட்டையும் பிற இடங்களையும் சொல்வாரும் உண்டு. என் வாதத்துக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. மாநகரில் நடந்த அநீதியின் முடிவை மலைச்சரிவில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பாட்டாக வைத்துக்கொண்டார்கள், கீழே இறக்கினார்கள் என்று காப்பியம் ஒப்புக்கொள்கிறது. அது போதும். குரங்கணிச் சரிவில் வாழும் முதுவர் பழங்குடியினரும் தம் முன்னோர் மதுரையிலிருந்து, முதுகில் சுமையோடு, மலையேறி வந்ததாகவே சொல்கிறார்கள். இந்த மரபை தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909-இல் வெளிவந்த தம் தொகுதியில் எட்கர் தர்ஸ்டனும் பதிந்திருக்கிறார். வரலாற்று ஆசிரியர் இதை அப்படியே ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு குடி தன்னை ஏறி வந்த வழியாலேயே அடையாளம் சொல்லிக்கொள்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

குறவஞ்சியில் இதே வழி கீழ்நோக்கித் திரும்புகிறது. 18-ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், குறத்தி மலையிலிருந்து தெருவுக்கு இறங்கி வந்துதான் தன் மலைவளம் சொல்கிறாள். மலையில் இருப்பவருக்கு மலையை வருணிக்க வேண்டிய தேவை இல்லை. இறங்கி வந்து, மலை அறியாதவர் முன் நிற்கும்போதுதான் மலை பாட்டாகிறது.

இனி போடிச் சரிவின் அண்மைக் காலம். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பிறகு, இந்தப் பாதைகளில் ஏறியவர் தொகை பெருகியது. 1908 முதல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கின. பிறகு மாட்டுவண்டியில் போடி, போடியிலிருந்து துறைமுகம். 1924 வெள்ளம் ரயிலைக் கொண்டுபோயிற்று. தேயிலைக்குக் கம்பிவடம் இருந்தது; தேயிலை பறித்தவருக்குக் கால்தான். மதுரை, இராமநாதபுரம் சீமைகளின் வறண்ட கரிசலிலிருந்தும் செவலிலிருந்தும் ஏறியவர்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் தெம்மாங்கையும் கூடவே ஏற்றிச் சென்றார்கள். கடல் கடந்து கண்டி மலைக்குப் போனவர்களும் இதே பாட்டுகளைத்தான் கொண்டுபோனார்கள். அவற்றைத் திரட்டித் தந்த சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) இல்லையென்றால், மலையகத்தாரின் முதல் தலைமுறைகள் கணக்குப் புத்தகத்தில் பெயராக மட்டுமே இருந்திருப்பார்கள்.

இரண்டாவது தடை இங்கே வருகிறது. அவை சமவெளிப் பாட்டுகள், மலையில் பாடப்பட்டன என்பதற்காக மலைப்பாட்டு ஆகிவிடுமா என்பது அது. ஆகும் என்பேன். கொழுந்துக் கூடை, கங்காணி, பேர் போடுதல், அட்டைக் கடி, பனி, கீழே விட்டு வந்த தாய் எல்லாம் நுழைந்தவுடன் பழைய மெட்டு புதிய நிலத்துக்கு உரியதாகிவிடுகிறது. நிலத்துக்குப் பாட்டு உரியதாவது வேலையின் வழியாகத்தான். பிறப்பின் வழியாக அன்று. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்து, தேவிகுளம் கேரளத்தோடு சேர்ந்தது. 1958-இல் அங்கே இடைத்தேர்தல் வந்தபோது, இதே மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் ஏறிப்போய்த் தோட்டத் தொழிலாளர் நடுவே தமிழில் பாடினார். கேரள அரசின் வலுவைச் சோதித்த தேர்தலில் தெம்மாங்கு மெட்டு பிரசாரமாயிற்று. வரதராசனின் தம்பி இளையராஜா அந்தக் குழுவில் வளர்ந்தவர். ஏறிய பாட்டு இறங்கியபோது எவ்வளவு தூரம் போயிற்று என்பது தமிழுலகம் அறிந்தது.

மூன்றாவது தடைதான் கடினமானது. இன்று யார் பாடுகிறார்கள்? விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பில் சினிமாப் பாட்டு ஓடுகிறது, வேலையிடத்தில் கைப்பேசி. வேலைப்பாட்டு செத்துவிட்டது, அதைப் பேசுவது ஏக்கம் என்று சொல்வார்கள். பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏலத்தின் வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். தேயிலைபோல இடுப்பளவில் பரந்து கிடக்கும் செடியன்று ஏலம். மர நிழலில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த தூர்களின் அடியில், தரையோடு படரும் சரத்தில் காய் பிடிக்கிறது. குனிந்தோ குந்தியோ, தழையை விலக்கி, விளைந்த காயை மட்டும் விரலால் தேர்ந்து கிள்ள வேண்டும். எல்லாக் காயும் ஒன்றாக விளையாததால், அதே தூருக்கு மறுபடி மறுபடி வர வேண்டும். பத்தடி தள்ளி இருப்பவளைப் பார்க்க முடியாது, குரல்தான் கேட்கும். போடி ஏல மையத்தில் கிலோ கணக்கில் விலை போகும் ஏலக்காயின் பின்னால் இந்தக் குரல்கள் இருக்கின்றன. அவற்றில் பேச்சு எது, கூப்பாடு எது, பாட்டின் மிச்சம் எது என்று போய்க் கேட்காமலே செத்துவிட்டது என்று எழுதுவது ஆய்வாகாது.

இன்னொன்றையும் சொல்லாமல் குரங்கணியின் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018 மார்ச் 11-ஆம் நாள் இந்தச் சரிவில் பற்றிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்த இளையோர் 20 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். காய்ந்த போதைப்புல், மேல்நோக்கி விரையும் தீ, தெரியாத பாதை. அந்த ஆண்டேதான் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இம்மலைகளில் பூத்தது. மலையைக் காட்சியாக மட்டும் கற்பிக்கும் கல்வி அதன் வழியைக் கற்பிப்பதில்லை. மலைபடுகடாம் வழியைத்தான் கற்பித்தது. அதனால்தான் அந்த நூலை வருணனை இலக்கியம் என்று சுருக்கும்போது எனக்கு வருத்தம் உண்டாகிறது.

ஆகவே இந்த அவையிடம், குறிப்பாகப் போடி ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியின் தமிழ் மாணவர்களிடம், ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பெர்சி மக்வீன் திரட்டி, கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த நாட்டுப் பாடல் தொகுதிக்கு ‘மலையருவி’ என்று பெயர். நம் தொகுதிகள் பலவும் சொல்லை மட்டும் எழுதிவைத்தன. கை என்ன செய்துகொண்டிருந்தது, பாதை எவ்வளவு செங்குத்து, யார் யாருக்கு எட்டப் பாடினார்கள் என்பதை விட்டுவிட்டன. நீங்கள் போகும்போது பாட்டோடு வேலையையும், வேலையோடு பாதையையும் சேர்த்துப் பதியுங்கள். பாடியவரின் ஒப்புதலோடு பதியுங்கள். பதிந்த ஒரு படியை அவர் ஊரிலேயே வையுங்கள். முதுவாக்குடியிலும் கொட்டகுடியிலும் சென்ட்ரல் ஸ்டேஷனிலும் கேட்க வேண்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த குறிஞ்சி 2030-இல் பூக்கும்; அதற்குள் புறப்படுங்கள்.