பனிக்கட்டித் துண்டும் ஒரு தாதியின் ஆராய்ச்சியும்

மடுல்கெல்லைத் தோட்டப் பகுதியில் ஒருவர் கடும் நோயுற்றால், பன்விலையையும் வத்தேகமையையும் கடந்து கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார். அங்கே இரவும் பகலும் அவர் அருகே நிற்பவர் தாதி. மருந்து கொடுப்பவர், காய்ச்சலை அளப்பவர் என்றே நாம் தாதியை அறிவோம். அவர் ஆராய்ச்சியும் செய்வார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய ஓர் ஆராய்ச்சியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நம் எலும்புகளின் உள்ளே மச்சை என்னும் மென்மையான பொருள் இருக்கிறது. அங்குள்ள மூல உயிர்க்கலங்களே குருதியின் கலங்கள் அனைத்தையும் தோற்றுவிக்கின்றன. மச்சையிலே புற்றுநோய் தோன்றினால், சிலருக்கு மிகக் கடுமையான மருந்து கொடுத்து நோய்க்கலங்களை அழிக்க வேண்டியிருக்கிறது. அம்மருந்து நல்ல மச்சையையும் அழித்துவிடும். ஆகவே புதிய மூல உயிர்க்கலங்களைக் குருதிக் குழாய் வழியே செலுத்துகிறார்கள். இம்முறைக்கு வழிகாட்டிய அமெரிக்க வைத்தியர் டொனால் தாமஸ், தம் முதல் முயற்சிகளை 1957இல் வெளியிட்டார். 1990இல் நோபெல் பரிசு பெற்றார். இந்தியாவிலே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986இல் தொடங்கியது.

மைலோமா என்பது மச்சையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய். இந்நோயாளரிடமிருந்தே மூல உயிர்க்கலங்களை முன்கூட்டி எடுத்து, உறையவைத்துப் பாதுகாப்பார்கள். பின்னர் மெல்பலான் என்னும் மருந்தைப் பெரும் அளவிற் கொடுத்து, அக்கலங்களைத் திருப்பிச் செலுத்துவார்கள். உயிர்காக்கும் இம்மருந்துக்கு ஒரு கொடுமையும் உண்டு. சில நாட்களில் வாயின் உட்தோல் புண்ணாகிவிடும். சோறும் இறங்காது, எச்சில் விழுங்குவதும் வேதனை. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் அவ்வேளையில், அப்புண்ணே கிருமிகள் உட்புகும் வாயிலாகவும் அமைந்துவிடுகிறது.

தாமஸ் பணியாற்றிய சியாற்றில் நகரத்து பிரெட் ஹட்சின்சன் நிலையத்திலே, கேதி லில்லபி என்னும் ஆராய்ச்சித் தாதி இத்துன்பத்தை ஆராய்ச்சிப் பொருளாக்கினார். மருந்து ஏறும்போது வாயைக் குளிரவைத்தால் புண் குறையுமா? இதுவே வினா. குளிர்ச்சியால் வாயின் நுண்ணிய குருதிக் குழாய்கள் சுருங்கும். மருந்து அங்கே குறைவாகவே சென்று சேரும். மெல்பலான் குருதியில் நெடுநேரம் தங்குவதில்லை. ஆகவே சில மணி நேரக் குளிர்ச்சி போதுமென்று கருத இடமிருந்தது.

அவரும் அவர் குழுவினரும் 40 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் மருந்துக்கு 30 நிமிடம் முன்பிருந்து, மருந்து முடிந்து 6 மணி நேரம் வரை பனிக்கட்டித் துண்டுகளை வாயில் வைத்திருந்தனர். மற்றவர் உப்புக் கரைசலால் வாய் கொப்பளித்தனர். முடிவு 2006இல் வெளிவந்தது. கொப்பளித்தோரில் நூற்றுக்கு 74 வீதத்தினருக்குக் கடுமையான புண் உண்டாயிற்று. பனிக்கட்டி வைத்தோரில் அது நூற்றுக்கு 14 வீதமே.

நேயர்களே, விலையுயர்ந்த கருவி எதுவும் இங்கில்லை. உறைந்த நீரும், ஒழுங்கான அவதானிப்பும், பொறுமையான கணக்குமே இருந்தன. எனினும் பனிக்கட்டி எல்லா மருந்துக்கும் பொருந்தாது. சுத்தமான நீரிற் செய்ததை, சிகிச்சை தருவோர் சொன்னபடியே பயன்படுத்த வேண்டும்.

இதிலே நமக்கும் ஒரு பாடம் உண்டு. தோட்டத்து மக்கள் வைத்தியசாலைக் கட்டிலிலே நோவை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறார்கள். ‘அம்மாவுக்கு எதற்குத் தொந்தரவு’ என்று தாதியிடமும் மறைக்கிறார்கள். அந்த மௌனம் நல்லதன்று. வாய் எரிகிறதென்றால் எரிகிறதென்றே சொல்லுங்கள். காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராதீர்கள், உடனே தெரிவியுங்கள். நோயாளி சொல்லும் ஒரு சொல்லைத் தாதி செவிமடுத்துக் குறித்துவைக்கும் இடத்திலேதான் இத்தகைய ஆராய்ச்சி பிறக்கிறது. உங்கள் நோவைத் தணிப்பதோடு, நாளை அதே கட்டிலுக்கு வரும் இன்னொருவருக்கும் அந்தச் சொல் உதவக்கூடும்.