என் பொண்ணு வாசிச்ச செய்தி



நான் உப்பளத்துல உப்பு வாருறவ. என் பொண்ணு 9-ஆம் வகுப்பு. அவங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களே செய்தி சேகரிச்சு, எழுதி, செல்போன்ல பதிவு பண்ணி, வாரம் 5 நிமிஷம் ஒலிபெருக்கியில போடுறாங்க.

இவ எழுதினது: “அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கான 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அனைவருக்கும் கிடைத்தது.” டீச்சர் கேட்டாங்களாம்: “அனைவருக்கும்னு யார் சொன்னது? எத்தனை பேரைக் கேட்ட?”

ஞாயிற்றுக்கிழமை நோட்டோட உப்பளத்துக்கே வந்துட்டா. 11 பேரைக் கேட்டதுல 4 பேருக்கு வரல. அதுல ஒருத்தி நான். வீட்டுல அவ கேட்டதுமில்ல, நான் சொன்னதுமில்ல. நாலு பேர்கிட்டயும் நலவாரிய அட்டை இல்லைங்கிறது அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. பேர் போடாதேன்னேன். எண்ணிக்கையை மட்டும் வாசிச்சா. வாசிக்கும்போது குரல் கொஞ்சம் நடுங்குச்சு.

தெலங்கானாவுல பஸ்தாபூர் சங்கத்துப் பெண்கள் 2008-ல் சொந்தமா வானொலியே தொடங்கினாங்க. நமக்கு இப்போதைக்கு அவ்வளவு வேணாம். மாசக் கூட்டத்துல இந்தப் பிள்ளைங்க செய்தியை 5 நிமிஷம் கேட்போம்.

வர்ற திங்கட்கிழமை நாங்க நாலு பேரும் பதிவு பண்ணப் போறோம். அட்டை இல்லாதவங்க ஆதாரை எடுத்துக்கிட்டுக் கூட வாங்க.