நெல்லைச் சீமையும் நாமும்
(மும்பை உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாராவியில் பிறந்த நம் பிள்ளைகளிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால் "திருநெல்வேலி" என்கிறார்கள். அங்கே என்ன விசேஷம் என்றால் "அல்வா" என்கிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையதல்ல, சொல்லித் தராத நம்முடையது.

1790-ல் கும்பினியார் அமைத்த மாவட்டம் அது. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை ஒரே மாவட்டமாக இருந்தது. 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனியாகப் பிரிந்தன. எல்லைக்கோடுகள் மாறலாம், வரலாறு பிரியாது.

1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கதை நமக்குத் தெரியும், சினிமாவிலும் பார்த்தோம். 1908-ன் கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று, தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கேட்டார்கள். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யும், சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். தொழிலாளர்கள் வென்றார்கள்! ஆள்வோர் பொறுப்பார்களா? மார்ச் 12-ல் தலைவர்களைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் நாவிதர்களும் வண்டிக்காரர்களும்கூட வேலையை நிறுத்தினார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் திலகருக்குத் தண்டனை விதித்தபோது, இதே பம்பாயின் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1960-களின் கடைசியில் "மதராசிகளே வெளியேறுங்கள்" என்று நம்மை விரட்டினார்களே, அவர்களுக்கு இந்த உறவு தெரியுமா? நமக்காவது தெரிய வேண்டாமா?

பழம்பெருமை பேசிக் கலைந்து போவதற்காக இதைச் சொல்லவில்லை. காணி நிலம் இல்லாமையும் சாதிக் கொடுமையும் நம்மில் பலரை ரயிலேற்றி அனுப்பின என்பதையும் மறைக்க வேண்டாம். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீசார் அடித்து விரட்டினார்கள். கைக்குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். நம் ஊர் ஆறு அந்தச் சாவையும் சுமந்துதான் ஓடுகிறது.

ஆகவே தாய்மார்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். இந்த விடுமுறை யாரும் போட்ட பிச்சையல்ல. அதைப் போராடிப் பெற்றவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. அதைத் தெரிந்த பிள்ளை, எந்த ஊரில் வேலைக்குப் போனாலும் தலைநிமிர்ந்து நிற்கும், சங்கத்தில் சேரும்.